மடியில் விரிந்த ஏடு



நீங்கள் முதன்முதலில் படித்த புத்தகம் எது என்று யாரேனும் வினவினால், உங்களுட் பெரும்பாலோர் முதல் வகுப்பில் பெற்ற பாடநூலையே கூறுவீர்கள். ஆயினும் நினைவைச் சற்றுப் பின்னோக்கிச் செலுத்திப் பாருங்கள். எழுத்து ஒன்றும் அறியாத பருவத்தில், யாரோ ஒருவருடைய மடியில் அமர்ந்து, ஒரு படத்தைச் சுட்டி, "இது என்ன?" என்று கேட்டிருப்பீர்கள். அது புத்தகத்தில் இருந்த படமாக இருக்கலாம். சுவரில் தொங்கிய நாட்காட்டியின் படமாக இருக்கலாம். தீப்பெட்டியின்மேல் ஒட்டிய சிறு படமாகவும் இருக்கலாம். உங்கள் வினாவுக்கு ஒரு குரல் விடை கூறியிருக்கும். அந்தப் படமும் அந்தக் குரலும் கூடிய இடத்திலேதான் உங்கள் கல்வி தொடங்கியது.

படப் புத்தகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அச்சுக்கலையின் வரலாற்றையே எழுதுவர். மரக்கட்டையிற் படம் செதுக்கிய காலம், கல்லச்சுக் காலம், வண்ண அச்சுக் காலம் என வகுத்துக் காட்டுவர். அது வேண்டுவதே. ஆனால் வேறொரு வரலாறும் உண்டு. ஏட்டை விரித்தவர் யார்? அருகில் அமர்ந்தவர் யார்? அவ்விருவரும் என்ன பேசிக்கொண்டனர்? இவற்றைக் கூறும் வரலாறு அது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த நான் இதனை மிகக் காலந்தாழ்த்தே கற்றேன். அதுவும் ஒரு பிழை செய்தே கற்றேன். அப்பிழையையும் மறையாது கூறுவேன்.

புத்தகம் தோன்றுமுன்பே படம் காட்டிப் பேசும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. சங்க நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலைக் கற்றோர், அதன் 19ஆம் பாடலை அறிவர். செவ்வேளைப் போற்றி நப்பண்ணனார் பாடிய பாடல் அது. திருப்பரங்குன்றத்திற்குச் சென்ற மதுரை மக்கள் அங்குள்ள ஓவியங்களைக் காண்கின்றனர். காமனும் இரதியும் தீட்டப்பட்டுள்ளனர். பூனை வடிவெடுத்த இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும் தீட்டப்பட்டுள்ளனர். அப்படங்களின் முன்னே நின்று சிலர் இவர் யார், இவர் யார் என்று வினவுகின்றனர். அருகில் நின்றோர் இன்னார் இன்னார் என்று சுட்டி விளக்குகின்றனர். வினாவுவார் ஒருவர், விளக்குவார் ஒருவர், இருவர்க்கும் நடுவே ஒரு படம். நான் இப்போது கூறப்போகும் வரலாறு முழுவதும் இம்மூன்றனுள் அடங்கிவிடும்.

வடநாட்டிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் ஒரு காட்சி வருகிறது. தந்தை நோயுற்றமை கேட்டு விரைந்து திரும்பும் இளவரசன் ஹர்ஷன், கடைவீதியில் ஒரு கூட்டத்தைக் காண்கிறான். துணியில் தீட்டிய படம் ஒன்றைக் கோல்களில் விரித்துப் பிடித்தபடி ஒருவன் நிற்கிறான். எருமையின்மேல் அமர்ந்த யமனுடைய உருவம் அதில் உள்ளது. நாணற் குச்சி ஒன்றினால் படத்தைத் தொட்டுத் தொட்டு அவன் மறுவுலகச் செய்தி கூறுகிறான். அவனைச் சூழ்ந்து நின்றோர் யார் தெரியுமா? ஆவல் மிக்க சிறுவர் கூட்டம் என்று பாணர் குறிக்கிறார். சிறுவர் இருக்கும் இடத்தில் படமும், படம் இருக்கும் இடத்தில் சிறுவரும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இருந்தனர் என்பதை இதனால் அறிகிறோம்.

ஆயினும் கடைவீதிப் படம் ஊர்ப் பொதுவானது. அது வீட்டுக்குள் வந்து, ஒரு குழந்தையின் கையில் தங்கி, வேண்டும்போதெல்லாம் விரிக்கத்தக்க ஏடாக மாறியது எப்போது? அதனை அறிய நாம் ஐரோப்பாக் கண்டத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே ஒரு பெரியார் நமக்காகக் காத்திருக்கிறார். அவர் பெயர் கொமேனியஸ்.

ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் அப்பெயரை அறிவர். நானும் பயிற்சிக் காலத்தில் அதனை மனப்பாடம் செய்தேன். 'உருவங்களால் ஆகிய உலகம்' என்னும் நூலை எழுதியவர் யார்? எந்த ஆண்டு? இவ்வினாவிற்கு இரண்டு மதிப்பெண். 'கொமேனியஸ், 1658' என்று எழுதி அவ்விரண்டு மதிப்பெண்ணையும் பெற்றேன். அந்நூலின் ஒரு பக்கத்தையேனும் நான் கண்டதில்லை. காண வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பின்னாளில் அதன் படிகள் சிலவற்றைக் கண்டபோதுதான், என்ன பொருளை எவ்வளவு மலிவாக விற்றுவிட்டேன் என்று உணர்ந்தேன்.

கொமேனியஸ் 1592ஆம் ஆண்டில் மொராவியாவில் பிறந்தார். அந்நிலப்பகுதி இன்று செக் நாட்டைச் சேர்ந்தது. பன்னிரண்டு வயதளவில் தாய் தந்தையரை இழந்தார். 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போர் அவருடைய நாட்டைச் சிதைத்தது. 1622இல் கொள்ளைநோய் அவருடைய மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டு சென்றது. சமயக் கொள்கையின் காரணமாக நாட்டை விட்டு நீங்கி, 1628இல் போலந்து நாட்டின் லெஷ்னோ நகரில் குடியேறினார். மீண்டும் தாய்நாட்டில் வாழும் பேறு அவருக்குக் கிட்டவேயில்லை. இத்துணைத் துன்பங்களுக்கும் இடையில் அவர் எதனைச் சிந்தித்தார்? சிறு குழந்தை எப்படிக் கற்கிறது என்பதனையே சிந்தித்தார். பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள பருவத்தைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். அது 1633இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. தாயின் மடியே முதற் பள்ளி என்பது அந்நூலின் உயிரான கருத்து.

அக்கருத்தின் வளர்ச்சியே படநூல். ஹங்கேரி நாட்டில் சரோஷ்பட்டாக் என்னும் ஊரில் பள்ளிப் பணி ஆற்றியபோது அவர் அதனை எழுதினார். எழுதியவுடன் அச்சிட இயலவில்லை; வேண்டிய படங்களைச் செதுக்கவல்ல கைவினைஞர் அங்குக் கிடைக்கவில்லை. இதற்கிடையில் 1656இல் லெஷ்னோ நகரம் போரில் எரிந்தது. அவர் நாற்பது ஆண்டுகளாகத் தொகுத்து வந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் படிகள் அத்தீயில் அழிந்தன. அந்த இழப்புக்கு இரண்டாண்டு கழித்து, 1658இல், ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்து படநூல் வெளிவந்தது. மறு ஆண்டே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டனர். பேரறிஞருக்கென்று உழைத்த அகராதி சாம்பராயிற்று. குழந்தைகளுக்கென்று எழுதிய சிறுநூல் உலகெங்கும் பரவிற்று.

அந்நூலின் அமைப்பைக் கூறுகிறேன். தொடக்கப் படத்தில் ஆசிரியர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் நின்று உரையாடுகின்றனர். அடுத்து அரிச்சுவடி வருகிறது. அதில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரின் ஒலியோ, இயற்கையின் ஒலியோ காட்டப்பட்டுள்ளது. முதல் எழுத்துக்குக் கரையும் காக்கை. அடுத்ததற்குக் கத்தும் ஆட்டுக்குட்டி. பின்னர் அழும் குழந்தை, வீசும் காற்று, ஊளையிடும் ஓநாய், உறுமும் கரடி. இவ்வாறு செல்லும் அதனைக் கண்டபோது நான் வியந்தேன். நம் வீடுகளில் காக்கையைக் காட்டிச் சோறூட்டும் தாய்மார் கொமேனியஸைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் தொடங்கிய இடத்திலேயே அவர்களும் தொடங்குகின்றனர் அன்றோ!

அரிச்சுவடியை அடுத்து, வானம், நெருப்பு, மழை, மரம், மலர், பறவை, உழவு, சமையல், தச்சு, நூற்பு, பள்ளி, கடல் என 150 பாடங்கள் விரிகின்றன. ஒவ்வொரு பாடத்திற்கும் மேலே ஒரு படம்; படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள்; கீழே இலத்தீனிலும் தாய்மொழியிலும் அதே எண்களோடு விளக்கம். கண் படத்திற்குச் செல்லும். படத்திலிருந்து சொல்லுக்கு வரும். சொல்லிலிருந்து மீண்டும் படத்திற்குச் செல்லும். 1749இல் பிறந்த ஜெர்மன் பெருங்கவிஞர் கெதே, தம் இளமையில் குழந்தைகளுக்கென்று கிடைத்த நூல் இது ஒன்றே என்று தம் வரலாற்றில் நினைவுகூர்கிறார். தொண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் அந்நூல் குழந்தைகளின் கையில் உலவியது.

இவை யாவற்றினும் சிறந்தது முன்னுரையில் கொமேனியஸ் கூறும் ஒரு செய்தி. பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பே, வீட்டிலேயே, இந்நூலைக் குழந்தைகளின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் விரும்பியவாறு படங்களைக் கண்டு மகிழட்டும். பிறகு அவ்வப்போது, இது என்ன, இதன் பெயர் என்ன என்று பெரியோர் கேட்டு வர வேண்டும். இதுவே அவர் கருத்து. பாடநூலை எழுதிய ஆசிரியர் அதனை வகுப்பறைக்கு முன்பே வீட்டுக்கு வழங்கினார். பரங்குன்றத்து வினாவும் விடையும் இவ்வாறு ஓர் ஏட்டினுள் வந்து, வீட்டினுள் நுழைந்தன.

அதன்பின் வந்த வளர்ச்சியை விரைவாகக் கடக்கிறேன். 1744இல் லண்டனில் ஜான் நியூபெரி என்னும் பதிப்பாளர் குழந்தைகளுக்கான சிறு சட்டைப்பை நூல் ஒன்றை வெளியிட்டார். அதனோடு ஆண்பிள்ளைக்குப் பந்தும் பெண்பிள்ளைக்குக் குண்டூசி செருகும் திண்டும் சேர்த்து விற்றார். புத்தகம் விளையாட்டோடு உறவு கொண்டது. 1844இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹெயின்ரிக் ஹாப்மன், தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக நல்ல படநூல் தேடிக் கடைகளில் அலைந்தார். எதுவும் பிடிக்கவில்லை. வெற்றுத் தாள் கொண்ட குறிப்பேடு ஒன்றை வாங்கிவந்து, தாமே படம் வரைந்து கதையும் எழுதிவிட்டார். மறு ஆண்டில் அச்சேறிய அந்நூல் பெரும்புகழ் பெற்றது. 1870களில் எட்மண்ட் எவான்ஸ் என்னும் அச்சாளர் மரக்கட்டைகளால் வண்ணப்படம் அச்சிடுவதில் தேர்ந்தார். ராண்டால்ப் கால்டெகாட் போன்ற ஓவியர் வரைந்த படங்களை ஒரு ஷில்லிங் விலைக்கு அவர் மக்களிடம் கொண்டு சென்றார்.

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஒரு கடிதம் எழுதினார். முன்னர்த் தமக்குக் கல்வி கற்பித்த ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயுற்றுப் படுத்திருந்தான். அவனுக்கு என்ன எழுதுவது என்று தோன்றாமையால், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். பின்னர் அதனை நூலாக்க எண்ணிப் பதிப்பாளர்களை நாடியபோது யாரும் ஏற்கவில்லை. 1901இல் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். 1902இல் ஒரு பதிப்பகம் அதனை ஏற்றது. குழந்தையின் சிறு கைக்குள் அடங்கும் சிறு நூலாகவே அது இருத்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பீட்டர் முயலின் கதை என்று உலகம் அறிந்த நூல் அதுவே.

இவற்றுட் பொதுவாக உள்ளது யாது? ஹாப்மன் தம் மகனுக்காக வரைந்தார். பாட்டர் தாம் அறிந்த ஒரு நோயாளிச் சிறுவனுக்காக வரைந்தார். உலகமெல்லாம் பரவிய நூல்கள், முதலில் ஒரு வீட்டில், ஒருவர் ஒரு குழந்தைக்கு அன்போடு கொடுத்தவையாக இருந்தன. அச்சுப்பொறி செய்ததெல்லாம், அந்த அன்பை ஆயிரம் படிகளாகப் பெருக்கியதுதான்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நான் பிறந்தது கோவில்பட்டிக்கு அருகே ஒரு கரிசற் சிற்றூர். எங்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்தவை, மரக்கட்டைப் படங்கள் கொண்ட 'பெரிய எழுத்து'க் கதைநூல்கள் இரண்டே. 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா' இதழ் ஊரில் வசதி படைத்த ஒரு வீட்டிற்கு மட்டும் வரும். அது கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும்போது அட்டை போயிருக்கும். ஆனால் படத்திற்குக் குறைவில்லை. சிவகாசியில் அச்சான நாட்காட்டிகள் சுவரெங்கும் தொங்கின. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வ உருவங்கள் அக்காலத்தில் தமிழகத்து வீடுகளையெல்லாம் அலங்கரித்தன. ஆண்டு முடிந்தாலும் எவரும் படத்தை எறிவதில்லை; தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வர்.

என் தாயார் எழுத்தறியாதவர். பகலெல்லாம் காட்டு வேலை. மாலையில் அடுப்பு மூட்டிவிட்டு எங்களைச் சுவரோரம் அமர்த்திக்கொள்வார். முருகன் படத்தைக் காட்டி, "மயிலுக்குப் பசிக்குதாம், என்ன குடுக்கலாம்?" என்று கேட்பார். கம்பு கொடுக்கலாம் என்பேன் நான். கேப்பை என்பாள் என் தங்கை. அதன்மேல் ஒரு கதை வளரும். நேற்றுச் சொன்ன கதை இன்று வராது. எங்கள் வீட்டுப் படநூல் அந்தச் சுவரே. அதன் பக்கங்களைப் புரட்டியவர் என் தாயார். நானோ, வளர்ந்து பயிற்சி பெற்று ஆசிரியனான பின், இதனையெல்லாம் கல்வி என்று கருதவில்லை.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கேலிச்சித்திரக்காரர் சங்கர் அவ்வாண்டில் டில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். தேசிய புத்தக அறக்கட்டளை தோன்றியதும் அவ்வாண்டே. பிறகு பல மொழிகளிலும் மலிவு விலையில் படநூல்கள் வந்தன. சோவியத் நாடும் மாஸ்கோவில் தமிழ் நூல்களை அச்சிட்டு அனுப்பியது. வழவழப்பான தாளும் கண்ணைக் கவரும் வண்ணமும் கொண்ட அந்நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்றனர். சில ரூபாய்க்குள் அத்தகைய நூல் கிடைத்தது, என்போன்ற ஆசிரியர்க்குப் பெரும்பேறாக இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அவ்வரவும் நின்றது.

1987இல் அத்தகைய நூல் ஒன்றை என் நான்கு வயது மகளுக்கு வாங்கி வந்தேன். அதில் ஒரு பக்கத்தில், பனி மூடிய காட்டில் ஒரு கரடி நடந்து செல்லும் படம் இருந்தது. மகள் அதனைத் தன் ஆச்சியிடமே எடுத்துச் செல்வாள். என் தாயார் திண்ணையில் அமர்ந்து, பேத்தியை மடியில் வைத்து, நாள்தோறும் மாலையில் அந்நூலை விரிப்பார். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியவன் வாயிலில் நின்று கேட்டேன்.

"இது என்னது ஆச்சி, வெள்ளையா?"

"அது பருத்திக்காடு தாயீ. காடு பூராம் வெடிச்சுக் கெடக்கு பாரு. கரடி பருத்தி எடுக்கப் போகுது."

"எதுக்கு?"

"நீ சொல்லு, எதுக்குப் போகுது?"

"குட்டிக்கு மெத்தை தைக்க!"

என் தாயார் பனியைக் கண்டதில்லை. கரிசல் நிலத்தில் வெண்மையாய்ப் பரந்து கிடப்பது பருத்தி ஒன்றுதான். அவர் அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்கினார். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நானோ குறுக்கிட்டேன். "அம்மா, அது பருத்தி இல்லை, பனி. கதையும் அப்படி இல்லை. பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கீழே எழுதியிருக்கிறது, பாருங்கள்" என்றேன்.

எழுத்தறியாதவரைப் பார்த்து, எழுதியிருக்கிறது பாருங்கள் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்திருந்தார். "எனக்கு எழுத்தா தெரியும் அய்யா? நீயே சொல்லிக் குடு" என்று கூறி, நூலை மூடி என்னிடம் நீட்டினார். அவர் குரலில் சினம் இல்லை. அதன்பின் அவர் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. நான் அமர்ந்து, எழுதியவாறே பிழையின்றிப் படித்தேன். மகள் இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் விளையாடப் போய்விட்டாள். 1994இல் என் தாயார் மறைந்தார்.

1996இல் ஆசிரியர்க்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில், உளவியலறிஞர் ஜெரோம் புரூனரும் அனட் நினியோவும் 1978இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிக் கேட்க நேர்ந்தது. ஒரு தாயும் குழந்தையும் படநூல் பார்க்கும் முறையை, குழந்தையின் எட்டாம் மாதம் முதல் ஒன்றரை வயது வரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். தாயின் பேச்சு ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தது. முதலில் "பார்" என்று கவனத்தை ஈர்ப்பாள். அடுத்து "இது என்ன?" என்று கேட்பாள். பிறகு பெயர் கூறுவாள். குழந்தை எதைக் கூறினும் அதனை ஏற்று மறுமொழி தருவாள். தொடக்கத்தில் வெறும் மழலை ஒலியையே விடையாக ஏற்றவள், குழந்தை வளர வளரச் சரியான சொல்லை எதிர்பார்ப்பாள். குழந்தைக்குப் பேச வாய்ப்பளித்துக் காத்திருத்தலே இதில் உயிரான கூறு. இதனைக் கேட்டபோது வகுப்பறையில் என்னால் நிமிர்ந்து அமர இயலவில்லை. பாரு, இது என்ன, நீ சொல்லு என்ற என் தாயாரின் குரலே எனக்குக் கேட்டது.

1988இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் வொயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய துணைவரும் நடத்தியது அது. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரு பகுதியினராகப் பிரித்தனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் வீட்டில் படநூல் படித்தனர். ஒரு சாரார்க்கு மட்டும் ஒரு முறை கற்பிக்கப்பட்டது: குழந்தையைக் கேள்வி கேளுங்கள், அது சொல்வதை விரித்துக் கூறுங்கள், மெல்ல மெல்லக் கதையை அதன் கையில் ஒப்படையுங்கள். ஒரு மாதத்திற்குப் பின் அக்குழந்தைகளின் பேச்சுத்திறன் மற்றவரினும் மேம்பட்டிருந்தது. இருவீட்டாரும் படித்தவர்களே; வேறுபாடு எத்துணை நேரம் படித்தனர் என்பதில் இல்லை. குழந்தையைப் பேச விட்டனரா என்பதில்தான் இருந்தது.

இக்கருத்தை நாடுகள் சில செயலாக்கியும் உள்ளன. 1989இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுமருத்துவமனையில், குழந்தை மருத்துவர்கள் தம்மிடம் வரும் ஏழைக் குழந்தைகளுக்குப் படநூல் கொடுத்துப் பெற்றோர்க்கு அறிவுரை கூறத் தொடங்கினர். 1992இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 300 குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்குப் புத்தகப்பை வழங்கினர். பின்னர் அத்திட்டம் நாடெங்கும் பரவியது. பால் கொடுப்பதுபோல், தடுப்பூசி போடுவதுபோல், குழந்தைக்குப் படநூலும் உரியது என்று அவர்கள் கருதினர். கொமேனியஸ் வீட்டுக்கு வழங்கிய ஏடு, முந்நூறு ஆண்டுக்கு மேல் நடந்து, ஏழை வீட்டுக்கும் சென்று சேர வேண்டியிருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதையும் கூறிவிடுகிறேன். அக்காலத்தில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், படநூல்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. ஆய்வாளர் வரும்போது காட்டுவதற்காக நானே அவற்றைப் புத்தம் புதிதாகப் பாதுகாத்து வந்தேன். பயிற்சியிலிருந்து திரும்பியதும் பூட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தம்பி தங்கையர்க்குக் காட்டித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும் என்றேன். எழுத்தறிந்த தாயாயினும் அறியாத தாயாயினும், அவர்கள் கையிலும் ஒருமுறை கொடுத்து வாருங்கள் என்றேன். நூல்கள் மஞ்சட்கறையோடும் எண்ணெய்க் கையோடும் திரும்பின. சில கிழிந்தும் வந்தன. பதிவேட்டில் 'கிழிந்தது' என்று எழுதி, அதன் எதிரே தண்டம் குறிக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். எழுத்தறியாத தாய் ஒருத்தி பள்ளிக்கே வந்து, "அந்த யானைப் புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்ட நாள், என் பணிக்காலத்தின் நன்னாட்களுள் ஒன்று.

இன்று உங்களுக்கு நூற்பஞ்சம் இல்லை. 1996 முதல் சென்னையிலிருந்து துலிகா பதிப்பகம் தமிழிலும் பிற மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டு வருகிறது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் இணையத்தின் வழியாகத் தமிழ்ப் படக்கதைகளை விலையின்றியே வழங்குகிறது. கைப்பேசி இருக்கும் வீட்டிற் படக்கதையும் உண்டு. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நாம் எழுந்து சென்றால், படம் இருக்கும், வினாவும் இருக்கும், விடை கூறும் குரல் இராது. பரங்குன்றத்தில் ஓவியம் மட்டும் இருந்து, அருகில் நின்று விளக்குவார் இல்லாதிருந்தால், அங்கே கேட்ட கேள்விகள் காற்றோடு போயிருக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அண்டை வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். சோறு வேகும் நேரத்திலோ, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலோ, உறங்கப் போகும் முன்னரோ ஏட்டை விரியுங்கள். விரைந்து பக்கத்தைப் புரட்டாதீர்கள்; குழந்தையின் விரல் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். கேளுங்கள், கேட்டபின் பொறுத்திருங்கள். உங்கள் பாட்டியார்க்கோ தாயார்க்கோ எழுத்துத் தெரியாதாயின், நூலை அவர்களிடமும் கொடுங்கள். படம் எழுத்தறியாதார்க்கும் திறந்திருக்கும் வாயில். நான் ஒருமுறை அவ்வாயிலைச் சாத்தினேன், நீங்கள் சாத்தாதீர்கள்.

முடிக்குமுன் ஒன்று. சென்ற ஆண்டு என் மகள் தன் மூன்று வயது மகனுடன் ஊருக்கு வந்திருந்தாள். பழைய பெட்டியை ஒழிக்கையில் அந்தச் சோவியத் நூல் கிடைத்தது. தையல் விட்டுத் தாள்கள் தனித்தனியே இருந்தன. அதனைக் கண்டவுடன் அவள், "ஆச்சியின் பருத்திக்காட்டுப் புத்தகம் அல்லவா இது, அப்பா!" என்றாள்.

நான் பிழையின்றிப் படித்துக் காட்டிய கதையில் ஒரு வரியும் அவளுக்கு நினைவில்லை. கரடி பருத்தி எடுக்கப் போனதும், குட்டிக்கு மெத்தை தைத்ததும், மீந்த பஞ்சில் விளக்குக்குத் திரி திரித்ததும் முழுமையாக நினைவிருந்தன. திரி திரித்த பகுதியை நான் கேட்டதே இல்லை. நான் குறுக்கிட்ட நாளுக்கு முன்னரே அவர்கள் இருவரும் சேர்ந்து அதனைக் கட்டியிருக்க வேண்டும்.

மகள் தன் மகனை மடியில் அமர்த்தினாள். அந்தத் தாளை அவன்முன் விரித்து, "இது என்ன, சொல்லு பார்க்கலாம்" என்றாள். அவன் நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "தோசை மாவு" என்றான்.

நான் குறுக்கிடவில்லை. அருகில் சென்று அமர்ந்து, "அப்படியா? கரடி எத்தனை தோசை சுடப்போகிறது?" என்று கேட்டேன்.